மான் வரலாம்... தலை வரக்கூடாது! மாநிலம் தாண்டிப் போகும் ஜனவரி வேட்டை

ஜனவரி முதல் வாரம். விடிய இன்னும் நேரமிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு வீட்டு வாசலில் பிக்-அப் டிரக் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. பின்பக்கத்தில் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகள், மூட்டையாகக் கம்பளி உடைகள், எலும்பு நீக்கும் கத்திகள், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலங்கி, உறையில் ஒரு துப்பாக்கி. ஒஹையோ, இண்டியானா, இல்லினாய் என மூன்று மாநிலங்களைக் கடந்து, மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் அயோவா. தெற்கு அயோவாவின் சோளக்காடுகள் வரை கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். சாப்பிட, டீசல் போட நிறுத்தும் நேரத்தையும் சேர்த்தால் பகல் முழுக்க ரோட்டிலேயே கழிந்துவிடும்.

இத்தனை தூரம் எதற்கு? மானுக்கு!

இது ஒருவரின் கதை அல்ல. குளிர்காலம் வந்தால் அமெரிக்காவில் பல ஆயிரம் பேர் இப்படித்தான் சொந்த மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்துக்கு வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். இந்தியாவில் மானைச் சுட்டால் ஜெயில். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் கறாராக இருக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படி நடக்கும் விஷயம். 'அப்படியானால் யார் வேண்டுமானாலும் போய்ச் சுடலாமா?' என்று கேட்டால், அதுதான் இல்லை. இந்தப் பயணத்தின் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரு சீட்டு, ஒரு கோடு, ஒரு கெடு என்று வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். போகும்போது இருக்கும் வேலியைவிட, திரும்பி வரும்போது இருக்கும் வேலிதான் இப்போது உயரமாகிக்கொண்டே போகிறது.

பக்கத்து ஊர்க்காரரும் வெளியாள்தான்!

அமெரிக்காவில் காட்டு மான் யாருடைய சொத்து? நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. சுட்டவருக்கும் முன்கூட்டியே உரிமை கிடையாது. அந்தந்த மாநிலத்து மக்களுக்காக மாநில அரசு அதைப் பாதுகாக்கிறது என்பதுதான் அங்கே அடிப்படை. ஆகவே லைசென்ஸையும் மாநிலம்தான் கொடுக்கும். பென்சில்வேனியா லைசென்ஸ் அயோவாவில் செல்லாது.

அயோவாவில் பெரிய கொம்புள்ள மான்கள் அதிகம் என்று நாடு முழுக்கப் பேச்சு. இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சோளமும் சோயாவும் விளையும் பூமி, தீனிக்குப் பஞ்சமில்லை. இன்னொன்று, நவம்பரில் இணைசேரும் காலத்தில் ஆண் மான்கள் புத்தி தடுமாறிப் பகலிலும் திரியும். அந்த நேரத்தில் பொதுவான துப்பாக்கி வேட்டையை அயோவா திறப்பதில்லை. அது டிசம்பரில்தான். அதற்குள் பல ஆண் மான்கள் தப்பித்து, இன்னொரு வயது கூடிவிடும்.

மூன்றாவது காரணம், வெளி மாநிலத்தவருக்கு வைத்திருக்கும் கட்டுப்பாடு. ஆண்டுக்கு 6,000 பேருக்குத்தான் ஆண் மானைச் சுடும் அனுமதி. மே மாதம் விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கல் நடக்கும். கிடைக்காதவர்களுக்கு ஒரு 'பாயிண்ட்'. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பம், மறுபடி ஒரு பாயிண்ட். நல்ல மண்டலமாக இருந்தால் மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருப்பது சாதாரணம். கட்டணமோ 600 டாலருக்கு மேல். அதே மானுக்கு உள்ளூர்க்காரர் 100 டாலருக்குள் முடித்துவிடுவார்.

'இது என்ன நியாயம்? எல்லோரும் ஒரே நாட்டுக் குடிமக்கள்தானே?' என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. 1976-ல் மொன்டானா மாநிலத்தில் எல்க் எனப்படும் பெரிய மானை வேட்டையாட உள்ளூர்க்காரருக்கு 9 டாலர். வெளி மாநிலத்தவர் 225 டாலருக்கு மொத்தமாகத்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-ல் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கு வேறு மாநிலம் போகிறவரைத் தடுக்கக்கூடாது. ஆனால், எல்க் வேட்டை பொழுதுபோக்கு. அதில் உள்ளூர்க்காரருக்குச் சலுகை கொடுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து வெளியாள் கட்டணம் அசைக்க முடியாத விஷயமாகிவிட்டது.

மானே இல்லாத மாநிலம்

இவ்வளவு கெடுபிடி ஏன்? ஒரு காலத்தில் எந்தக் கெடுபிடியும் இல்லாமல் இருந்ததால் வந்த வினை.

19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வேட்டை ஒரு தொழில். ரயில் வந்தது. காட்டில் சுட்டதை அடுத்த சில நாள்களில் நகரத்து ஹோட்டலுக்கு விற்க முடிந்தது. தோலுக்குக் காசு, கறிக்குக் காசு. காடுகள் வயலாயின. வெள்ளை வால் மான்கள் கோடிக்கணக்கில் இருந்த நாட்டில், 1900 வாக்கில் மூன்று முதல் ஐந்து லட்சம்தான் மிச்சம் என்பது கணிப்பு. அயோவாவில் நிலைமை இன்னும் மோசம். 1898-ல் மான் வேட்டையையே மாநிலம் மூடிவிட்டது. சுடுவதற்கு மான் இருந்தால்தானே திறப்பதற்கு!

மறுபடி திறக்க 55 ஆண்டுகள் பிடித்தன. 1953-ல்தான் அயோவாவில் மீண்டும் மான் வேட்டை அனுமதிக்கப்பட்டது.

இந்த மீட்சிக்குப் பின்னால் இரண்டு சட்டங்கள் முக்கியமானவை. முதலாவது, 1900-ம் ஆண்டின் லேஸி சட்டம். இதைக் கொண்டு வந்தவர் ஜான் லேஸி. அவரும் அயோவாக்காரர்தான்! ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், அது மத்திய அரசுக் குற்றம் என்றது அந்தச் சட்டம். திருட்டு வேட்டைக்காரர்கள் அதுவரை எல்லையைத் தாண்டித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்த எல்லையே இப்போது அவர்களைச் சிக்க வைக்கும் இடமானது. இன்றும் அமெரிக்காவில் காட்டு மான் கறியை விற்க முடியாது. ஹோட்டல் மெனுவில் மான் கறி இருந்தால் அது பண்ணையில் வளர்த்தது, அல்லது நியூசிலாந்து போன்ற நாட்டிலிருந்து வந்தது.

இரண்டாவது, 1937-ம் ஆண்டின் பிட்மேன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகிதம் வரி. அந்தப் பணம் வனவிலங்குப் பணிக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும். மாநிலத்தின் பரப்பளவையும் லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கையையும் பார்த்துப் பங்கு கிடைக்கும். லைசென்ஸ் பணத்தை ரோடு போடவோ பாலம் கட்டவோ திருப்பிவிட்டால் மத்திய அரசின் பங்கு நின்றுபோகும். ஆக, பென்சில்வேனியாக்காரர் கட்டும் அந்த 600 டாலர், அயோவாவின் சதுப்பு நிலத்துக்கும் பறவைகளுக்கும் சேர்த்துப் போகிறது.

இன்று நாடு முழுக்க வெள்ளை வால் மான்கள் சுமார் மூன்று கோடி என்கிறார்கள். இப்போது பிரச்னை தலைகீழ். பயிரை மேய்கின்றன, ரோட்டில் குறுக்கே பாய்கின்றன. மான் மீது கார் மோதும் விபத்துகள் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகின்றன. மானை அடித்துத் தின்ற ஓநாய்கள் அயோவாவிலிருந்து எப்போதோ போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது மனிதன் நிற்கிறான், கையில் சீட்டோடு.

ஏன் ஜனவரி?

டிசம்பரின் பின்பாதியில் தொடங்கி ஜனவரி 10-ம் தேதி முடியும் இந்தக் கடைசிப் பருவத்துக்கென்று ஒரு துப்பாக்கி உண்டு. 'மஸில்லோடர்'. குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இறக்கி, கம்பியால் இடித்து நிரப்புவது. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் நவீன உறவுக்காரர். ஒரு முறைக்கு ஒரே குண்டு. குறி தப்பினால், மறுபடி நிரப்புவதற்குள் மான் அடுத்த பண்ணைக்குப் போயிருக்கும்.

குளிர் மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரி என்று இறங்கும். மரத்தில் கட்டிய பரணில் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். விரல் மரத்துவிடும். மூச்சுக் காற்று கண்ணாடியில் பனியாகப் படியும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் உட்கார்ந்தால் அன்றைய பொழுது வீண். மனித வாடையை மான் வெகு தூரத்திலேயே பிடித்துவிடும்.

இருந்தும் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு: பசி. நவம்பரில் துணை தேடி ஓடி ஓடி ஆண் மான் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்திருக்கும். அதை ஈடுகட்டாவிட்டால் குளிர்காலத்தைத் தாண்டாது. அதனால் அறுவடையில் சிந்திய சோளத்தையும் வயலில் மிஞ்சிய சோயாவையும் தேடி, மாலை மங்கும் நேரத்தில் பனிமேல் நடந்து வரும். இரண்டு மாதங்களாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய மான். ஒவ்வோர் அடிக்கும் நின்று பார்க்கும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் சுடக்கூடாது. அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் இந்த 1,200 கிலோமீட்டரும்.

அதற்கும் முன்னால் வேறொரு கதவைத் தட்ட வேண்டியிருக்கும். அயோவாவில் 97 சதவிகித நிலம் தனியாருடையது. விவசாயி சம்மதிக்காமல் உள்ளே கால் வைக்க முடியாது. சிலர் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வேட்டை ஏஜென்ட் மூலம் இடம் பிடிக்கிறார்கள். பணமில்லாதவர்கள் பொதுநிலத்தில் இடம் தேடுகிறார்கள். கோடையிலேயே வந்து விவசாயிக்கு வைக்கோல் கட்டு ஏற்றிக் கொடுத்து, நட்பைச் சம்பாதித்து வைப்பவர்களும் உண்டு.

வயிற்றில் இருப்பது

வெளி மாநிலத்தவர் வாங்கும் அந்தத் தொகுப்பில் இரண்டு சீட்டுகள் இருக்கும். ஒன்று எந்த மானுக்கும் செல்லும். இன்னொன்று கொம்பில்லாத மானுக்கு மட்டும். அதாவது, பெரும்பாலும் பெண் மானுக்கு. கொம்பு மட்டும் தேடி வருகிறவர் பெண் மான்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும் உதவட்டும் என்பது மாநிலத்தின் கணக்கு.

இங்கேதான் பல வேட்டைக்காரர்களுக்கே கை தயங்குகிறது. நவம்பரில் இணைசேர்ந்த பெண் மான், சுமார் 200 நாள் சுமந்து, மே இறுதியிலோ ஜூனிலோ குட்டி போடும். பெரும்பாலும் இரட்டை. அப்படியென்றால் ஜனவரியில் சுடும் பெண் மானின் வயிற்றில் குட்டிகள் இருக்கும். பனியில் மண்டியிட்டு வயிற்றைத் திறந்து குடலை எடுக்கும் வேலையை, சுட்டவர்தான் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது.

'அக்டோபரில் சுட்டிருந்தாலும் அந்தக் குட்டிகள் பிறந்திருக்காது. கணக்கில் இரண்டும் ஒன்றுதான்' என்பது வனவிலங்கு அலுவலர்களின் வாதம். அது உண்மைதான். ஆனால், மனசு அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் பெண் மான் சீட்டை டிசம்பரோடு முடித்துக்கொள்கிறவர்களும், பயன்படுத்தாமலே திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். 'எண்ணிக்கையைக் குறைக்கத் துப்பாக்கிதான் வழியா?' என்று வேட்டையையே எதிர்ப்பவர்களும் அமெரிக்காவில் உண்டு. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

கறியை வீணாக்குவதில் மட்டும் யாருக்கும் உடன்பாடு இல்லை. தேவைக்கு மேல் இருந்தால் கொடுத்துவிட அயோவாவில் 2003 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. வேட்டைக்காரர் மானை கறிக்கூடத்தில் ஒப்படைத்தால், அரைத்த கறியாக மாற்றி ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

தலையை விட்டுவிட்டு வா!

மான் விழுந்தாயிற்று. இடத்தை விட்டு நகர்த்தும் முன் அதன் மேல் சீட்டைக் கட்ட வேண்டும். மறுநாள் நள்ளிரவுக்குள் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். அந்தக் காலமாக இருந்தால், முழு மானையும் டிரக்கில் போட்டு, நெடுஞ்சாலையில் நாலு பேர் பார்க்க வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இப்போது அதுதான் கூடாது.

காரணம், சி.டபிள்யூ.டி என்ற நோய். மானை மெல்ல மெல்ல உருக்கிக் கொல்லும் மூளை நோய். 1967-ல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்து மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. 1981-ல் காட்டு விலங்கிலும் கண்டுபிடித்தார்கள். 2002-ல் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி விஸ்கான்சினில் தெரிந்தது. 2013-ம் ஆண்டுப் பருவத்தில் சுட்ட ஒரு மான் மூலம் அயோவாவின் காட்டிலும் உறுதியானது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது.

இதைக் கொண்டுவருவது வைரஸும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. 'ப்ரியான்' என்ற உருக்குலைந்த புரதம். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. பிடித்த மான் பிழைப்பதில்லை. எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பரவும். செத்த உடல் கிடந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. குழம்பு கொதித்தாலும் சாகாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, நோய் தொற்றி ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் வரை மான் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும்.

ப்ரியான் அதிகமாகக் குடியிருப்பது மூளையிலும் தண்டுவடத்திலும். மான் தானாக ஒரு ராத்திரியில் 1,200 கிலோமீட்டர் நடக்காது. ஆனால், டிரக் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்த தலையையும் முதுகெலும்பையும் கொல்லைப்புறத்தில் வீசினால், நோய் இல்லாத காட்டுக்கு வேட்டைக்காரரே நோயைச் சுமந்து வந்தவராகிவிடுவார். அதனால்தான் பெரும்பாலான மாநிலங்கள் முழு மானை உள்ளே விடுவதில்லை. எலும்பு நீக்கிய கறி வரலாம். தலை இல்லாத தோல் வரலாம். மூளைத் திசு துளியும் இல்லாமல் சுத்தம் செய்த மண்டையோட்டுத் துண்டோடு கொம்பு வரலாம். தலை வரக்கூடாது, முதுகெலும்பு வரக்கூடாது.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சொந்த மாநிலத்தின் விதியை மட்டும் பார்த்தால் போதாது; வழியில் கடக்கும் மாநிலங்களின் விதியையும் பார்க்க வேண்டும். மீறினால் அபராதத்தோடு முடியாமலும் போகலாம். ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஓரிடத்தில் லைசென்ஸ் பறிபோனால், சொந்த ஊரிலும் பறிபோகும்.

ஆகவே, பயணத்தின் கடைசி நாள் கத்தியோடு கழிகிறது. பண்ணைக் கொட்டகையில் மானைத் தொங்கவிட்டு, தோலுரித்து, தொடை, முன்னங்கால், முதுகுக் கறி என்று எலும்பிலிருந்து பிரித்தெடுத்து ஐஸ் பெட்டியில் அடுக்க வேண்டும். குளிரில் கத்தி பிடித்த கை விறைக்கும். எலும்பும் தலையும் அயோவாவிலேயே, முறையான குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும்.

ஃப்ரீசரில் ஒரு பொட்டலம்

அதற்கு முன் இன்னொரு வேலை. மானின் தொண்டைப் பக்கத்து நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் இது கட்டாயமில்லை. மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும், நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருக்கிறது. 'பைத்திய மாடு' நோயும் ப்ரியான் குடும்பம்தான். அது மாட்டிறைச்சி வழியாக மனிதரைத் தாக்கலாம் என்று 1996-ல் பிரிட்டன் அரசு அறிவித்தபோது உலகமே அதிர்ந்தது.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்களின் எண்ணிக்கை முன்பே ஒருமுறை சரிந்திருக்கிறது. மத்திய அரசின் கணக்கெடுப்பில் 2011-ல் 1.37 கோடியாக இருந்தது, 2016-ல் 1.15 கோடியானது. 'கறியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?' என்ற சந்தேகம் வீட்டுக்குள் நுழைந்தால், இன்னும் சிலர் துப்பாக்கியை உறையிலேயே வைத்துவிடுவார்கள். அவர்களோடு லைசென்ஸ் பணமும் போகும். காட்டுக்குக் கிடைத்த வருமானமும் போகும்.

மறுநாள் இரவு டிரக் பென்சில்வேனியா திரும்புகிறது. கறியைப் பொட்டலம் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதியும் சோதனை எண்ணும் எழுதி ஃப்ரீசரில் அடுக்குகிறார்கள். சோதனை முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அந்த வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. மூன்று, நான்கு ஆண்டு குலுக்கலுக்குக் காத்திருந்தவருக்கு, பனியில் பரண் மேல் காத்திருந்தவருக்கு, இது கடைசிக் காத்திருப்பு.

முடிவு 'இல்லை' என்று வந்தால் அன்று இரவு அடுப்பில் ஏறும். 'இருக்கிறது' என்று வந்தால், 1,200 கிலோமீட்டர் தாண்டி வந்த அத்தனையும் குப்பைக்குப் போகும். அயோவாவில் விட்டுவிட்டு வந்த தலைதான், அப்போது அந்த ஊர் மான்களைக் காப்பாற்றியிருக்கும்.